அச்சு மாறிய வண்டி

1950களின் நடுப்பகுதியில், செவ்ரோலே, ஜிஎம்சி என்ற பெயர்களில் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற சாதாரண பிக்கப் டிரக்குகளில் இன்ஜினின் இழுவை பின்சக்கரங்களுக்கு மட்டுமே போனது. பனியிலும் சேற்றிலும் வேலை செய்த அமெரிக்கப் பண்ணைக்காரர்களுக்கு அது போதவில்லை. மினியாபொலிஸ் நகரத்தின் நார்த்வெஸ்டர்ன் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி, சுருக்கமாக நாப்கோ, இதற்கு ஒரு வழி செய்தது. இழுவை தரும் முன் அச்சு, இழுவையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அவற்றை இணைக்கும் தண்டுகள் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதியைப் ‘பவர் பேக்’ என்ற பெயரில் விற்றது. முன் அச்சில்கூட ஜெனரல் மோட்டார்ஸின் பின் அச்சுக்குரிய பாகங்களே பயன்பட்டன. ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் பூட்டிவிடலாம், வண்டி பழசானால் கழற்றிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. 1956இல் ஜிஎம்சியும் 1957இல் செவ்ரோலேயும் இந்தத் தொகுதியைத் தங்கள் ஆலையிலேயே பூட்டித் தரத் தொடங்கின. 1960இல் வண்டியின் வடிவமைப்பே மாறியது. நான்கு சக்கர இழுவையை ஜெனரல் மோட்டார்ஸ் தானே செய்துகொண்டது. நாப்கோவின் காலம் அத்துடன் முடிந்தது.

அரிதாகிப்போன இந்த வண்டிகளைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடித்தேடி வாங்குகிறார்கள். அந்தத் தேடலுக்குள் மெய்யியலின் மிகப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. நான்கு வண்டிகளை அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். முதலாவது, 1957இல் ஆலையிலேயே தொகுதி பூட்டப்பட்டது. இரண்டாவது, சாதாரண வண்டியாகப் பிறந்து, 1962இல் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய தொகுதியைப் பெற்றது. மூன்றாவதும் சாதாரண வண்டிதான். பழைய இரும்புக் குவியலில் கிடைத்த அசல் தொகுதியைச் சென்ற ஆண்டு அதில் பூட்டினார்கள். நான்காவது நாப்கோவாகவே விற்பனையாகிப் பின்னர் தொகுதியை இழந்து, பின்சக்கர இழுவையுடன் நிற்கிறது. முதல் மூன்றையும் அடியில் படுத்துப் பார்த்தால் மறைக்கு மறை ஒன்றாகவே இருக்கும். இவற்றில் எது நாப்கோ வண்டி? ஒரு பொருள் எதனால் அந்தப் பொருளாகிறது என்ற கேள்விதான் இது.

இந்தியச் சிந்தனையில் இந்தக் கேள்வி ஒரு வண்டியை வைத்தே எழுந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மன்னன் மெனாண்டரை மிலிந்தன் என்று பௌத்த நூல்கள் அழைக்கின்றன. அவன் தேரில் வந்து இறங்கியபோது நாகசேனர் என்ற பிக்கு, தேர் என்பது எது என்று கேட்டார். ஏர்க்காலா, அச்சா, சக்கரமா என்று ஒவ்வொன்றாக அவர் கேட்கக் கேட்க மன்னன் இல்லை இல்லை என்றான். எல்லாம் சேர்ந்ததும் தேர் இல்லை, அவற்றுக்கு அப்பாலும் தேர் இல்லை. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர், அவ்வளவே. இந்த நோக்கில் ‘நாப்கோ’ என்பதும் வழக்கில் உள்ள ஒரு பெயர்தான். முதல் மூன்று வண்டிகளுக்கும் அந்தப் பெயர் பொருந்தும். உண்மையான நாப்கோ எது என்று பிடிவாதமாகத் தேடுவது, இல்லாத ஒன்றின் மேல் வைத்த பற்று.

நியாய, வைசேடிக மரபினர் இதை ஏற்கவில்லை. முழுமை என்பது உறுப்புகளின் வெறும் குவியல் ஆகாது. அவற்றில் உறைந்திருந்தும் அவற்றினும் வேறான ஒரு பொருள் அது என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று எளிமையானது. ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுப்பொருளும் கூட வருகிறது. மணற்குவியலை அப்படி இழுக்க முடியாது. சேற்றில் புதைந்த டிரக்கைக் கயிறு கட்டி இழுத்தவர் எவரும் இதை மறுக்கமாட்டார். ஆனால் இந்தக் கொள்கைக்குக் கண்டிப்பான ஒரு விளைவு உண்டு. ஓர் உறுப்பு நீங்கினாலோ சேர்ந்தாலோ பழைய முழுமை அழிந்து புதிய முழுமை தோன்றுகிறது என்று வைசேடிகம் சொல்லும். அப்படியானால் டீலர் கடையில் முன் அச்சைக் கழற்றிய அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு செவ்ரோலே அழிந்தது, இன்னொரு வண்டி பிறந்தது. தேய்ந்த பாகத்தை மாற்றும்போதெல்லாம் இதுவே நடக்கும். உலகம் தாங்காத அளவு பிறப்பும் இறப்பும் அது.

மேற்கில் தாமஸ் ஹாப்ஸ் 1655இல் வெளியான ‘டி கார்ப்போரே’ நூலில் தீசியஸின் கப்பல் புதிரை இன்னும் சிக்கலாக்கினார். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய கப்பல் ஒருபுறம்; கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்துக் கட்டிய கப்பல் மறுபுறம். இரண்டும் ஒரே கப்பலாக இருக்க முடியாது. நாப்கோ வண்டிகளிடையே இது கற்பனை அன்று. தொகுதி ஓரிடத்திலும் அதை முதலில் சுமந்த வண்டி வேறிடத்திலுமாக, இரண்டும் இன்று ஓடிக்கொண்டிருக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேகரிப்பாளர் வண்டியை உயிராகவும் தொகுதியை அது உடுத்த உடையாகவும் எண்ணுகிறார். 1957இன் பண்ணைக்காரர் எண்ணியது நேர் எதிர். அவருக்குத் தொகுதிதான் நிலைப்பது; வண்டிதான் கிழிந்ததும் களையும் ஆடை. ஆன்மா உடல் மாறுவதற்குக் கீதை காட்டும் ஆடை உவமை அந்த விளம்பரத்துக்கு வியப்பூட்டும் அளவு பொருந்துகிறது. ஆகவே இரண்டாவது வண்டியைப் போலி என்று தள்ளுவது தவறு. தொகுதியைச் செய்தவர்கள் எண்ணிய பயன்பாட்டுக்குள்தான் அந்த மாற்றமும் அடங்கும்.

ஆலையே வகுத்த சிறப்புப் பதிப்புகளில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. டாட்ஜ் நிறுவனத்தின் ‘லில் ரெட் எக்ஸ்பிரஸ்’ 1978இல் 2,188, 1979இல் 5,118 என்ற எண்ணிக்கையில் மட்டுமே வந்தது. சிவப்பு வண்ணம், ஓக் மரப் பலகைகள், கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரட்டைப் புகைக்குழாய்கள் ஆகியவை அதன் அடையாளம். இவை அத்தனையையும் அதே காலத்துச் சாதாரண டாட்ஜ் ஒன்றில் பொருத்திவிடலாம். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் அது வராது. நெல்சன் குட்மன் 1968இல் ‘லாங்குவேஜஸ் ஆஃப் ஆர்ட்’ நூலில் செய்த பாகுபாடு இங்கே உதவும். இசையை யார் எப்போது பிழையின்றி வாசித்தாலும் அது அந்த இசையே. ஓவியத்துக்கு எவ்வளவு துல்லியமான நகல் எடுத்தாலும் அது அந்த ஓவியம் ஆகாது. லில் ரெட் ஓவியத்தைப் போன்றது. அது எங்கே பிறந்தது என்பதே அதன் சாரம். நாப்கோ தொகுதி இசைக்கு அருகில் நிற்கிறது. எந்தக் கை பூட்டினாலும் அது வேலை செய்யும், அப்படிப் பூட்டப்படவே அது செய்யப்பட்டது.

அப்படியானால் மூன்றாவது வண்டியையும் இரண்டாவதைப் போல ஏற்க வேண்டாமா? பாகங்களை மட்டும் பார்த்தால் ஏற்கத்தான் வேண்டும். வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. அரிஸ்டாட்டில் ஒரு பொருளுக்குச் சொன்ன நான்கு காரணங்களில், அது எதற்காக என்பதும் ஒன்று. 1962இல் பூட்டியவர் பனியில் போவதற்காகப் பூட்டினார். இன்று பூட்டுகிறவர், பனியில் போன ஒரு வண்டி தமக்கு வேண்டும் என்பதற்காகப் பூட்டுகிறார். முன்னவர் செய்தது வரலாற்றின் ஒரு பகுதி. பின்னவர் செய்வது வரலாற்றைப் பற்றிய ஒரு செயல். அதில் இழிவு எதுவும் இல்லை. துருப்பிடித்துக் கிடந்த அச்சை மறுபடி சுழலவைத்தவர் நன்றிக்குரியவரே. அவர் செய்தது நல்ல வண்டி, நாப்கோ பூட்டிய வண்டி. ஆனால் 1957இன் நாப்கோ வண்டி அது இல்லை. நான்காவது வண்டியோ, எல்லாம் இழந்த பின்னும், ஒரு காலத்தில் நாப்கோவாக இருந்த வண்டி. இறந்தகாலத்தில் சொன்னால் மட்டுமே அந்தப் பெயர் அதற்கு மெய்.

எனவே வண்டியைப் பற்றிய கேள்வி கடைசியில் வாய்மையைப் பற்றிய கேள்வியாகிறது. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான 17 இலக்க அடையாள எண் அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு மாடல்களுக்குத்தான் வந்தது. டீலர் கடையில் பூட்டிய தொகுதியைப் பற்றி ஆலையின் ஏட்டில் எதிர்பார்க்க எதுவும் இல்லை. பழைய ரசீது, புகைப்படம், முதல் உரிமையாளரின் வீட்டார் சொல் இவைதான் சான்று. இவை எதுவும் இல்லாத வண்டியை விற்பவர், தொகுதி எப்போது பூட்டப்பட்டது எனத் தாம் அறிந்ததை வாங்குபவரிடம் எழுதியே கொடுக்க வேண்டும்.