போயிருப்பாள்

1
சென்னை பட்டினப்பாக்கம், ஞாயிற்றுக்கிழமை மாலை. கடற்கரை மணலில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் கல்லூரி வயது. கடற்காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. இரண்டு பெண்கள் துப்பட்டாவை விரித்துப் பிடிக்க, ஒருவழியாகக் கேக் வெட்டினார்கள். இருட்டியதும் பைக்குகள் கிளம்பின. "அவ எங்கடா?" என்றான் ஒருவன். "ஆட்டோ பிடிச்சுப் போயிருப்பா" என்று பதில் வந்தது. வண்டிகள் லூப் ரோடு பக்கம் திரும்பிவிட்டன. ஒருத்தி மட்டும் ஏறாமல் நின்றாள்.

2
'போயிருப்பா' என்ற அந்தச் சொல் என் காதிலேயே நின்றுவிட்டது. பார்த்தவர் சொல்வது 'போயிருக்கிறாள்'. பார்க்காதவர் சொல்வது 'போயிருப்பாள்'. அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஒருவர் ஊகித்ததை அடுத்தவர் தகவலாக எடுத்துக்கொள்வார். பத்துப் பேர் கூடிய இடத்தில் ஒருத்தியை யாருமே கடைசியாகப் பார்க்காமல் போவது இப்படித்தான்.

3
ஜெர்மனியின் ட்ரியர் நகரில், குன்றின் மேலிருக்கும் ஒரு கல்லூரி வளாகத்தில் 2007 ஜூனில் கோடைவிழா. திறந்தவெளி, இசை, ஆயிரக்கணக்கான மாணவர்கள். ஜூன் 7 விடிவதற்கு முன் 21 வயது மாணவி ஒருத்தி அங்கிருந்து காணாமல் போனாள். பெரிய தேடுதல் நடந்தது. யாரோ கடத்தியிருப்பார்கள், வெளியூருக்குப் போயிருப்பாள் என்று ஊகங்கள் பெருகின. 2015 மே மாதம், குன்றின் செம்பாறைச் சரிவுக்குக் கீழே புதர் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளிகள் எலும்புகளைக் கண்டார்கள். அவள்தான். விழா நடந்த இடத்துக்கு அடியிலேயே எட்டு வருடம் கிடந்திருக்கிறாள். தவறி விழுந்திருக்க வேண்டும் என்பதோடு விசாரணை முடிந்தது. அந்தக் கடைசி நிமிடங்களில் அவள் பக்கத்தில் யாரும் இருந்தார்களா என்பது தெரியாமலே போனது.

4
நம் நாட்டில், 2021 நவம்பர் 29. தேர்வு எழுதக் கிளம்பிய மருத்துவ மாணவி ஒருத்தி அன்றிரவு மும்பை பாந்திராவின் பாண்ட்ஸ்டாண்ட் கடற்கரையில் இருந்தாள். அதன் பிறகு வீடு திரும்பவில்லை. கடலோரத்தில் ஒருவர் மறைந்தால் முதல் ஊகம் கடல்தான்: 'தண்ணீரில் இறங்கியிருப்பாள்.' ஆனால் கொலை என்று சந்தேகித்து, அங்கே அவளோடு கடைசியாகப் பேசிய உயிர்காப்பாளரைக் காவல்துறை கைது செய்தது 2023 ஜனவரியில். கடலுக்கடியிலும் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

5
மகளைக் காணோம் என்று காவல் நிலையத்துக்குப் போகிற அம்மாக்கள் எத்தனையோ பேர் கேட்டிருக்கும் வாசகம்: "யார் கூடயாவது போயிருப்பா, ரெண்டு நாள் பாருங்க." ஒருநாள் பொறுத்துத்தான் புகார் தர வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பிடியாணையில்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதிய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு.

சட்டத்துக்கும் ஓர் ஊகம் உண்டு. உயிரோடு இருந்தால் யாருக்குச் சேதி வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டு ஒரு சேதியும் வராவிட்டால், 'இருக்கிறார்' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இது 108ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் 111. சொத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் இது தேவைதான். ஆனால் வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருக்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். ஊரெல்லாம் 'போயிருப்பாள்' என்கிறது, சட்டம் 'இறந்திருப்பாள்' என்கிறது. அந்த அம்மாவோ முன்னால் ஒட்டிய 'போய்', 'இறந்து' இரண்டையும் உதறிவிட்டு 'இருப்பாள்' என்கிறாள்.

6
பட்டினப்பாக்கத்தை அடுத்த சீனிவாசபுரத்துக் கரையில் படகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு படகு திரும்ப வேண்டிய நேரத்துக்குத் திரும்பாவிட்டால் 'வேறெங்காவது கரையேறியிருப்பான்' என்று மீனவர்கள் சும்மா இருப்பதில்லை. பக்கத்துக் குப்பங்களுக்குச் சொல்லியனுப்பிவிட்டுப் படகை இறக்குகிறார்கள். நீரோட்டத்தின் திசை தெண்டியா வன்னியா என்று பார்த்து, எந்தப் பக்கம் தேடுவது என்று முடிவெடுக்கிறார்கள். கடலுக்குப் போனவனைக் கண்ணால் பார்க்கும்வரை அவன் வந்தவனாகக் கணக்கில்லை.

7
அந்த ஞாயிறு, ஏறாமல் நின்றவள் செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு அலையோரம் நடந்தாள். இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இருட்டுக்குள்ளிருந்து "தோ வர்றேன்" என்று குரல் கேட்டது. செருப்பைக் கையில் பிடித்தபடி, நனைந்த கால்களோடு தோழி வந்தாள். கேக் டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு இருவரும் சாலைக்கு ஏறினார்கள். நின்றவள் போனை எடுத்து யாருக்கோ சொன்னாள்: "வந்துட்டா. என் பக்கத்துலதான் இருக்கா."