கடனை மாற்றினால் போதுமா?

போன மாதம் ஒரு புதன்கிழமை இரவு. தாமான் கொனோட் பசார் மாலாமில் அப்பாவுக்கு ஆப்பாம் பாலிக் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வேறு பேங்குகளில் உள்ள கிரெடிட் கார்டு பாக்கியைத் தங்களிடம் மாற்றிக்கொண்டால் 12 மாதங்களுக்கு வட்டி இல்லையாம். ஒரே ஒரு முறை 3 விழுக்காடு கட்டணம், அவ்வளவுதான். என் இரண்டு கார்டுகளிலும் சேர்த்து 12,000 வெள்ளி பாக்கி இருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து தே தாரிக் குடிக்கும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "எடுத்துக்கடா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் ஒரு நண்பன். வகுப்பு நடத்தும் அண்ணன் மட்டும் தலையை ஆட்டினார். "கடன் கொடுத்தவன்கிட்ட இருந்து தப்பிக்க இன்னொருத்தன் வீட்டுல போய் ஒளிஞ்சிக்கிற மாதிரி இருக்கே தம்பி. இது தர்மமா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பேங்க் நெகாராவின் விதிப்படி, 12 மாதமும் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வந்தவருக்கு ஆண்டு வட்டி உச்சவரம்பு 15 விழுக்காடு. ஓரிரண்டு மாதம் தவறியவருக்கு 17, அதற்கு மேல் தவறியவருக்கு 18. நான் 18-இல் இருப்பவன். (கட்ட முடியாமல் திணறுகிறவனுக்குத்தான் வட்டி அதிகம்! இதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.) 12,000 வெள்ளிக்கு மாத வட்டி மட்டும் 180. குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காடு, அதாவது 600 வெள்ளி கட்டினால், அசலில் குறைவது 420தான். மாதம் 1,000 வெள்ளி கட்டினாலும் முடிய 13 மாதத்துக்கு மேல் ஆகும், வட்டி ஏறக்குறைய 1,300 வெள்ளி போய்விடும். மாற்றினால் கட்டணம் 360 வெள்ளியோடு சரி.

இனி அண்ணனின் கேள்வி. புதிய பேங்க் பழைய பேங்குகளுக்கு முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறது. ஒரு சென் கூட யாரும் இழக்கவில்லை. புதிய பேங்கும் ஏமாளி இல்லை. 12 மாதத்தில் நான் முடிக்க மாட்டேன், மிச்சத்துக்கு வழக்கமான வட்டி வரும் என்ற எதிர்பார்ப்பும் அவர்களுக்கு உண்டு. இந்துச் சட்டத்தில் 'தாம்துபத்' என்று ஒரு பழைய விதி இருக்கிறது. ஒரு நேரத்தில் கேட்கக்கூடிய வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்பது அது. வெள்ளைக்காரன் காலத்தில் பம்பாய் நீதிமன்றங்கள்கூட அதை ஏற்று நடத்தின. வாங்கியதைத் திருப்பிக் கொடு என்று சொன்ன அதே மரபுதான், வட்டிக்கு ஓர் எல்லை வேண்டும் என்றும் நினைத்திருக்கிறது. ஆகவே வட்டியைக் குறைக்க நேர்மையான வழி தேடுவதில் பாவம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அண்ணன் சொன்ன 'ஒளிஞ்சிக்கிற' என்ற வார்த்தை குத்தியது. காரணம், இது எனக்கு முதல் முறை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் 7,000 வெள்ளியை இப்படித்தான் வேறொரு பேங்குக்கு மாற்றினேன். பழைய கார்டில் பாக்கி பூஜ்யம் என்று பார்த்த அன்று, சம்பளம் வந்த மாதிரி ஒரு சந்தோஷம். கடன் அடைந்ததாகவே மனசு நம்பிவிட்டது. தீபாவளி வந்தது. துணிமணி, காடிக்கு நாலு டயர், தங்கச்சிக்குப் புதுக் கைப்பேசி. எல்லாம் அந்தக் காலிக் கார்டில்தான். 12 மாதம் முடிந்தபோது இரண்டு கார்டிலும் பாக்கி. 7,000 இப்படித்தான் 12,000 ஆனது. அந்தத் தீபாவளிக்கு அப்பா கேட்டார்: "இவ்ளோ செலவு பண்றியே, சமாளிக்க முடியுதாய்யா?" "போனஸ் வந்துச்சுப்பா" என்றேன். போனஸ் வரவில்லை.

பேங்குக்கு நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. பாரத்தில் எழுதியதெல்லாம் உண்மை. பொய் சொன்னது அப்பாவிடம்.

இந்த முறை மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் வரவு செலவை எழுதிப் பார்த்தேன். காடித் தவணை, வீட்டுக்குக் கொடுப்பது, பெட்ரோல், டோல், சாப்பாடு. வார இறுதி வெளிச் சாப்பாட்டை நிறுத்தி, எம்ஆர்டியில் வேலைக்குப் போனால் மாதம் 1,000 வெள்ளி ஒதுக்கலாம், இழுபறிதான். அதுவும் முடியாதவர்கள் கடனை மாற்றிப் பயனில்லை. பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே இருக்கிறது, ஆலோசனை இலவசம், அங்கே போங்கள். இன்னொன்று: கடனை மாற்றிய கார்டில் புதிதாகப் பொருள் வாங்காதீர்கள். பாக்கி நிற்கும் கார்டில் புதுச் செலவுக்குப் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வியாழக்கிழமை இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போனஸ் பொய் உட்பட. பஸ் ஓட்டி ரிட்டையரான மனுஷர். கார்டு என்று ஒன்றை வைத்துக்கொண்டதே இல்லை. ரொம்ப நேரம் பேசவில்லை. வட்டி எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

"அந்தப் பழைய கார்டு ரெண்டும் எங்க?"

எடுத்து மேசையில் வைத்தேன். கத்தரிக்கோலைத் தேடி எழுந்தார். "வெட்டினா மட்டும் பத்தாதுப்பா. பாக்கி முடிஞ்சதும் போன் பண்ணி ரத்து பண்ணணும். ஒரு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நேற்று பணம் மாறிவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்தார். இன்று வேலை முடிந்து வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரண்டு பேங்குகளுக்கும் போன் போட வேண்டும்.