மீன்தொட்டியில் அளவும் அறமும்

வீட்டு மீன்தொட்டியில் எத்தனை மீன்களை வளர்க்கலாம் என்பது வண்ண மீன் கடையில் போகிறபோக்கில் கேட்டு விடைபெறும் கேள்வியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும், கண்ணின் இன்பத்துக்காக வேறோர் உயிரை அடைத்து வைப்பவருக்கு அவ்வுயிரின்பால் உள்ள கடமை யாது, எந்த எண்ணிக்கையைத் தாண்டும்போது அக்கடமை நிறைவேற்ற இயலாததாகிறது என்னும் அறவியல் வினா அதற்குள் அடங்கியிருப்பதால், அளவைப் பற்றிச் சமய மரபு சிந்தித்தவற்றோடு சேர்த்தே அதை ஆராய வேண்டும்.

இத்துறையில் நுட்பமாகச் சிந்தித்தது சமணம். துறவியர் முழுமையாக ஏற்கும் மகாவிரதங்களையும், இல்லறத்தார் தம் நிலைக்கு ஏற்ற அளவில் ஏற்கும் அணுவிரதங்களையும் அது வேறுபடுத்துகிறது. உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தாரின் கொல்லாமை நோன்புக்கு நேரும் ஐந்து அதிசாரங்களை, அதாவது நோன்பை முற்றிலும் முறிக்காவிடினும் அதற்கு மாசு சேர்க்கும் குற்றங்களை, வரிசைப்படுத்துகிறது: கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்க முடியாத பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தராது தடுத்தல். ஓர் உயிரைக் கொல்லாமல், தன்னிடம் வைத்துக்கொண்டே அதற்கு இழைக்கக்கூடிய தீங்குகளை இவ்வரிசை எண்ணிப் பார்ப்பதால், பொதி சுமக்கும் விலங்குகளோடு வாழ்ந்த சமூகத்தில் எழுந்ததாயினும் இது மீன்தொட்டிக்கும் நீளக்கூடியதாகிறது.

மீனின் முதுகில் எவரும் பொதி ஏற்றுவதில்லை. ஆனால் நீரில் ஏறும் பாரம் முழுவதும் மீனின் உடம்பையே வந்தடைகிறது. மீன்கள் தம் உடற்கழிவாகிய அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள்கள் வழியே நீரில் விடுகின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நச்சுத்தன்மை மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியின் வடிகட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதால், தொட்டி வாங்கிய அன்றே நிறைய மீன்களை விட்டால் அவை தம் கழிவின் நஞ்சாலேயே மடிய நேரிடும். 1850இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், நீர்த்தாவரமும் நத்தைகளும் உடனிருக்க மீன்கள் வாழும் சமநிலையை விளக்கிய ஆய்வில், கலத்தில் இருந்தவை இரண்டு சிறு தங்கமீன்களே. ஆற்றில் ஓட்டமும் பரப்பும் செய்யும் தூய்மைப் பணியைத் தொட்டியில் நீர் மாற்றியும் வடிகட்டியைப் பேணியும் வளர்ப்பவரே செய்தாக வேண்டும். ஆகவே மீன்களின் எண்ணிக்கையை முடிவு செய்பவர், ஆற்றின் வேலையில் எவ்வளவைத் தவறாமல் செய்யத் தம்மால் இயலும் என்பதையே முடிவு செய்கிறார்.

இந்தப் பொறுப்பை எளிதாக்கும் நோக்கில், ஒரு காலன் நீருக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, ஓர் அங்குல மீன் என்ற கணக்கு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. உடலின் எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்வதை இக்கணக்கு மறந்துவிடுகிறது. பத்து காலன் தொட்டியில் ஓர் அங்குல மீன்கள் பத்தையும், பத்து அங்குல மீன் ஒன்றையும் அது சமமாக அனுமதிக்கிறது. உடலமைப்பு ஒன்றே எனக் கொண்டால், அந்த ஒற்றை மீனின் எடை பத்துச் சிறுமீன்களின் மொத்த எடையைப்போல் நூறு மடங்காகும். விரல் நீளத்தில் வாங்கப்படும் தங்கமீன் ஓரடி வரை வளரவும் பத்தாண்டுகளுக்கு மேல் வாழவும் கூடியது என்பதால், இன்று கண்ணில் படும் அளவை வைத்து எண்ணுவது நாளைய பாரத்தை அறியாமல் ஏற்றுவதாகும்.

குறைத்து வைப்பதே கருணை என்ற முடிவுக்கும் உடனே வந்துவிட முடியாது. நியான் டெட்ரா போன்றவை கூட்டமாக வாழும் இயல்பின. ஆறேழுக்குக் குறைந்தால் அவை அஞ்சி ஒடுங்கும். ஆண் ஃபைட்டர் மீன்களோ இரண்டாக இருந்தாலே ஒன்றையொன்று கடித்துக் கிழிக்கும். மேல் எல்லையை நீரின் தாங்குதிறன் வகுக்க, கீழ் எல்லையை மீனின் இயல்பு வகுக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே இடமில்லாத சிறு தொட்டியில் அந்த இனத்தை வளர்க்காதிருப்பதே அறம்.

சமணர் வகுத்த மற்றோர் அணுவிரதமான பரிக்கிரக பரிமாணம், உடைமைக்கு எல்லையை முன்கூட்டியே வரைந்துகொள்வதாகும். சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தையில் நிற்கும்போது இன்னும் ஒரு ஜோடி என்னும் ஆசை எழுவது இயல்பாதலால், வீட்டிலேயே எண்ணிக்கையை வரைந்துகொண்டு செல்வதே இந்நோன்பின் பயனாகும். ஒருமுறை இணைசேர்ந்த பெண் கப்பி, சேமித்த விந்தணுக்களைக் கொண்டு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாகப் பல மாதங்கள் குஞ்சு ஈனக்கூடும் என்பதால், பிறக்கப்போகும் உயிர்களும் அவ்வரையறைக்குள் அடங்க வேண்டும். மிகுந்தவற்றை ஏரியில் விடுவது விடுதலை போலத் தோன்றினும், தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி மீனவர் வலைகளைக் கிழிப்பது, அந்தக் கருணை பிறர்மேல் ஏற்றப்படும் பாரமாக முடிவதைக் காட்டுகிறது.

அடைத்தலே முதல் குற்றமாயிருக்க, ஒரு மீனும் வளர்க்காதிருப்பதன்றோ சரி என்ற வினா எழும். துறவியின் நோன்புக்கு அதுவே விடை. இல்லறத்தார்க்கும் அது மேலான விடையே. எனினும், ஏற்கெனவே தொட்டியில் பிறந்து வளர்ந்த மீனைக் கைவிடுவது அக்குற்றத்தைத் தீர்க்காது. அடைத்தவர் பிற நான்கு குற்றங்களிலிருந்தேனும் விலகி நிற்கக் கடமைப்பட்டவர். அதற்கான அளவை நல்ல நாளை வைத்து வகுப்பது பொருந்தாது. நீரின் வெப்பம் 25 பாகையிலிருந்து 30 பாகைக்கு உயர்ந்தால், லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராமாகக் கரைந்து நின்ற ஆக்சிஜன் 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. அந்தக் கோடை நாளில் மின்சாரமும் தடைப்பட்டு, காற்று மோட்டாரும் வடிகட்டியும் நின்று, வீட்டாரும் வெளியூரில் இருக்கும் நிலையில் எத்தனை மீன்கள் துன்பமின்றிப் பிழைக்குமோ, அத்தனையே ஒரு வீடு வைத்துக்கொள்ளத் தகுதியுடைய எண்ணிக்கை. அந்த எண் பூஜ்யமாக அமையுமாயின், தொட்டியை வாங்காதிருப்பதும் நோன்பே ஆகும்.