கட்டில் கணக்கு

ஆண்டுக்கு 150 பேரை எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்க்க விரும்பும் கல்லூரி, அறுநூறுக்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனையை நடத்த வேண்டும். அவற்றில் நூற்றுக்கு எண்பது நிரம்பியிருக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. கட்டடம், கருவி, பேராசிரியர் எல்லாம் பணத்தால் வரும். நோயாளி அப்படி வருவதில்லை. கையில் காசுள்ளவர் பத்து மாணவர்கள் சூழ்ந்து நின்று வயிற்றை அமுக்கிப் பார்க்கும் பொது வார்டை நாடமாட்டார். அதனால் தனியார் மருத்துவக் கல்லூரி எந்த ஊரில் எழும்பினாலும், அதன் வேன் ஏழைகள் இருக்கும் திசையில்தான் ஓடியாக வேண்டும். வட தமிழ்நாட்டில் அப்படி ஒரு திசை கல்வராயன் மலை.

அந்த மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தவர்கள். சாலையும் ஆஸ்பத்திரியும் அவர்களை எட்டியது தாமதமாகத்தான். அவர்கள் இருக்கும் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது முதல் சுமையைத் தாங்கியது இந்த அரசு மருத்துவமனைதான். அதன் பிறகே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சேலம், பெரம்பலூர், புதுச்சேரிப் பக்கங்களில் தனியார் மருத்துவக் கல்லூரிகள் அரசுக் கல்லூரிக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டன. இத்தகைய கல்லூரிகள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் முகாம் போடும், வேன் அனுப்பும், சாப்பாட்டோடு கட்டிலும் தரும்.

இதில் தவறு என்ன என்று கேட்கலாம். நோயாளிக்குச் செலவில்லை, மாணவருக்குப் பாடம் கிடைக்கிறது, கல்லூரிக்கு அனுமதி நிலைக்கிறது, யாருக்கும் நட்டமில்லையே? நியாயமான கேள்விதான். சாமையும் மரவள்ளியும் விளைவித்து, மற்ற நாட்களில் கூலிக்கு இறங்கும் குடும்பத்துக்குக் குடலிறக்க அறுவை கைக்காசு இல்லாமல் நடந்தால் அது பெரிய உதவி. அதை ஏளனம் செய்பவர் ஜி.எச். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திராதவராக இருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கட்டிலில் கிடப்பவர் எதுவும் தராமலா கிடக்கிறார்? அவருடைய வீங்கிய மண்ணீரல் ஒரு வகுப்பு. இதயத்தில் கேட்கும் முணுமுணுப்பு இன்னொரு வகுப்பு. செய்முறைத் தேர்வு நெருங்கும்போது, தெளிவான அறிகுறி உள்ளவர்களை 'நல்ல கேஸ்' என்று தேடிப் பிடித்து இருக்க வைப்பது மருத்துவம் படித்த எவருக்கும் தெரிந்த வழக்கம். காப்பீட்டு அட்டை இருந்தால் பல சிகிச்சைகளுக்கான தொகை அரசுத் திட்டத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் படுத்திருப்பதால்தான் எம்.பி.பி.எஸ். இருக்கைகளுக்கு அனுமதி நீடிக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இருக்கைக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டணம். மலையிலிருந்து வந்தவரின் உடம்பு இல்லாமல் அந்தக் கட்டணத்தில் ஒரு ரூபாயும் வசூலாகாது. அப்படியிருக்க அவரைத் தானம் பெற்றவராகவும் கல்லூரி தானம் கொடுத்ததாகவும் எழுதி வைப்பது பொய்க் கணக்கு.

ஏழையின் உடல்மீது மருத்துவக் கல்வி கட்டப்படுவது புதிதல்ல. 1832இல் பிரிட்டன் இயற்றிய உடற்கூறியல் சட்டம், ஏழை விடுதிகளில் இறந்து உரிமை கோர ஆளில்லாத உடல்களை அறுத்துப் படிக்கக் கொடுத்தது. அங்கே கேட்கப்படாதவர்கள் இறந்தவர்கள். இங்கே உயிரோடிருப்பவரையும் கேட்பதில்லை. சிகிச்சைக்கான ஒப்புதல் தெரிந்து தரப்படுவதாக இருக்க வேண்டும், ஒன்றுக்குத் தந்தது மற்றொன்றுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமிரா கோலி வழக்கில் தெளிவாகச் சொன்னது. சேர்க்கைப் படிவத்தில் வைத்த கைநாட்டு, மாணவர் ஒவ்வொருவராக வந்து சோதித்துப் பார்ப்பதற்கும் சேர்த்து வாங்கிய சம்மதம் ஆகிவிடாது. பிரசவ வார்டில் இதன் கூர்மை இன்னும் அதிகம்.

நோயாளியே தேவையில்லை என்று ஒரு கல்லூரி நினைத்தால் என்னவாகும் என்பதும் இதே மண்ணில் தெரிந்த கதை. சின்னசேலம் அருகே பங்காரத்தில் இயங்கிய எஸ்.வி.எஸ். இயற்கை மருத்துவ, யோகாக் கல்லூரியின் மூன்று மாணவிகள் 2016 ஜனவரியில் கிணற்றில் பிணமாகக் கிடந்தார்கள். அளவுக்கு மீறிய கட்டணம், முறையான கற்பித்தலும் வசதியும் இல்லாமை என்பவையே அவர்கள் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதத்தின் குற்றச்சாட்டுகள். அதற்கு முன்பே மாணவர்கள் ஆட்சியர் அலுவலகம்வரை போய்ப் போராடியிருந்தார்கள். பணம் கட்டிய மாணவரும் கட்டிலில் கிடப்பவரும் எதிரெதிர்த் தரப்பினர் அல்லர் என்பது இங்கே விளங்கும். நோயாளி நேர்மையாக நடத்தப்படும் இடத்தில்தான் மாணவருக்கும் மருத்துவம் என்ற ஒன்று கற்பிக்கப்படுகிறது. ஆய்வு நாளுக்கு மட்டும் ஆட்களைக் கூட்டிவந்து படுக்க வைப்பதாக நாடெங்கும் பல ஆண்டுகளாக எழுந்துவரும் புகார் இருவரையும் ஒருசேர ஏமாற்றுவதைப் பற்றியது.

தனியார் என்பதே குற்றம் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மை அதற்கு இடம் தராது. வேலூர் சி.எம்.சி.யும் தனியார்தான், அது தன் பட்டதாரிகளில் பெரும்பாலோரைச் சில ஆண்டுகள் எளிய மிஷன் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. கல்வராயனுக்குப் பக்கத்திலேயே, தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள சிட்டிலிங்கியில், ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993இல் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவமனை, அதே மலையாளிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கியது. அங்கே நோயாளி வீடு திரும்பிய பின்பும் அவரைத் தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருக்கிறார். கல்லூரி மருத்துவமனைகளில் பெரும்பாலும் காணாமல் போவது இதுதான். மாத்திரை தீர்ந்ததும் மறுபடி வரச் சொல்கிறார்கள். வேன் அடுத்த முகாமுக்குத்தான் வரும்.

மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலத்தில் கவனிக்க வேண்டும் என்று புதிய பாடத்திட்டம் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. நடைமுறையில் கல்லூரிப் பேருந்து எளிதாகப் போய்வரும் சாலையோர ஊரைத் தேர்ந்தெடுக்கவே நிர்வாகங்களுக்குத் தோன்றும். கட்டிலுக்கு மட்டும் மலை வேண்டும், கவனிப்புக்குச் சமவெளி போதும் என்றால் எப்படி?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை லேசாக ஒதுக்க முடியாது. சம்மதம் கேள், திரும்பும் செலவைக் கொடு, ஊர்வரை தொடர்ந்து பார் என்று நெருக்கினால் கல்லூரிகள் மலைப்பக்கம் வருவதையே நிறுத்திவிடும். கிடைப்பதும் போய்விடும் என்கிறார்கள். அருகில் வேறு ஆஸ்பத்திரி இல்லாத ஊருக்கு இது உண்மையான அச்சம். ஆனால் எண்பது விழுக்காடு நிரம்ப வேண்டிய கட்டில்களை வைத்திருப்பவர் எத்தனை நாள் வராமல் இருப்பார்? அரசு மருத்துவமனை வலுவாக வலுவாக மலைக்காரருக்கு மறுக்கும் தெம்பும் கூடும். ஆணையம் இப்போது பேராசிரியர்களின் முகத்தை ஆதாரோடு ஒப்பிட்டு வருகைப் பதிவு செய்கிறது. அதே அக்கறையோடு, மூன்று மாதம் முன்பு அனுப்பிவைக்கப்பட்ட நோயாளிகள் சிலரை வெள்ளிமலைக்கே போய், என்ன செய்தார்கள், யார் கேட்டார்கள், பிறகு யார் வந்து பார்த்தார்கள் என்று விசாரித்து, அந்தப் பதிலையும் அனுமதிக் கோப்பில் சேர்க்கலாம். அதற்குப் புதிதாகச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை.