எஞ்சிய திங்களின் கடமை

ஒருவன் தான் செய்துவரும் உத்தியோகத்தை விடுவதாக எழுதிக் கொடுத்த பின்னரும், உடன்படிக்கையிற் குறித்தவாறு ஒரு திங்களோ அதனின் மிக்க காலமோ அவ்விடத்திற் பணிபுரியக் கடமைப்பட்டவனாவான். இதனை முன்னறிவித்தற் காலம் என்பர். அக்காலம் முடியுமுன்னரே பிறரிடத்துக் கொந்தராத்து வேலையொன்றை ஏற்றுத் தொடங்குதல் தருமமாகுமா? பகலிலே கொழும்பில் ஒரு கந்தோரில் இருப்பவன், இரவிலே தன் வீட்டிலிருந்தபடியே கணினி வாயிலாக வேற்றுநாட்டார்க்கு வேலைசெய்து ஊதியம் பெறுதல் இன்று எளிதாயிற்று. நம் வித்தியாசாலைகளிற் கற்று வெளியேறும் இளைஞர் பலர்க்கு இவ்வையம் நேரும். அவர்க்கு நெறி காட்டவேண்டியவர் உபாத்தியாயரேயாதலின், இதனை ஈண்டு ஆராய்வாம்.

ஒருசாரார் கூறுவதாவது: "1954 ஆம் ஆண்டிற் பிறந்த கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 8 மணியென்றும் வாரத்துக்கு 45 மணியென்றும் வரையறுத்தது. யாம் விற்றது அந்நேரத்தையன்றி எம்மையன்று. இரவு எம்முடையது. பிரிவதாகவும் சொல்லிவிட்டோம். இனி எம்மைத் தடுப்பவர் யார்?" என்பதாம். இக்கூற்றில் உண்மையும் உண்டு. ஊழியன் அடிமையல்லன். ஓய்வுநேரத்தில் ஒருவன் தோட்டஞ் செய்தலையும் அயற்பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுதலையும் குற்றமென்பார் இலர். உடன்படிக்கை விலக்காததும், பழைய வேலைக்கு ஊறு செய்யாததுமாகிய தொழிலைக் கடிதல் நம் கருத்தன்று.

ஆயினும், விற்றது நேரம் மாத்திரமா என்பதை உசாவல் வேண்டும். இரவெல்லாம் கண்விழித்துப் புதிய இடத்துக்கு உழைத்தவன் காலையிற் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது உடம்பை மாத்திரமே. அவனது விழிப்பும் ஊக்கமும் முன்னரே செலவாயின. அன்றியும், புதிய வேலை பழைய இடத்தோடு போட்டியிடுவோரது வேலையாயின், ஒரு வீட்டிலிருந்து உண்டுகொண்டே அவ்வீட்டின் மந்தணத்தை மற்றொரு வீட்டுக்கு விற்பதாக முடியும். உடன்படிக்கை அதனை வெளிப்படையாக விலக்கியிருப்பின் ஐயத்துக்கே இடமில்லை. கைச்சாத்திட்ட கை அதனை மறத்தல் ஆகாது.

இனி, இக்காலம் எதன்பொருட்டு ஏற்பட்டதென நோக்குவாம். விடுவோன் தன் கையிலுள்ள காரியங்களைப் பின்வருவோனிடம் ஒப்புவித்தற்கும், வேலைகொள்வோர் மற்றொருவரைத் தேடுதற்கும் இது வேண்டப்படும். இஃது ஒருபாற் கட்டுமன்று. வேலைகொள்வோர் ஒருவனை நீக்க விரும்பினும், இத்தகைய உடன்படிக்கைகளிற் பெரும்பாலானவற்றின்படி, அவரும் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். அன்றேல் அக்காலத்துச் சம்பளத்தைக் கொடுத்தல் வேண்டும். இன்று மாலை வேலை போயிற்று, நாளை அடுப்பெரியாது என்னும் அச்சத்தினின்று ஏழையைக் காப்பது இவ்வேற்பாடேயாம். தன் வளவைக் காக்கும் வேலியைத் தானே பிரித்து விறகாக்கினவன், பின்னர் மாடு புகுந்ததென்று யாரிடம் முறையிடுவான்?

மற்றொன்று இவற்றினும் நுண்ணியது. ஏனைக் காலத்தில் ஒருவன் செவ்வனே பணிபுரிதற்கு ஆசையும் அச்சமும் காரணமாதல் கூடும். விலகுவதாக எழுதிக் கொடுத்தபின், உயர்வு வருமென்னும் ஆசையுமில்லை. நீக்குவரென்னும் அச்சமும் பெரிதன்று. எஞ்சி நிற்பது அவன் கொடுத்த சொல் ஒன்றே. ஆதலின், ஒருவனது ஒழுக்கத்துக்கு உரைகல்லாவது கடைசித் திங்களேயாம்.

சொல்லின் வலிமையை நம் பெரியபுராணம் நன்கு காட்டும். சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரிலே சங்கிலியாரைப் பிரியேனென்று சபதஞ் செய்ய நேர்ந்தது. அவ்வேளையில் இறைவர் சந்நிதியை விட்டு மகிழமரத்தின்கீழ் எழுந்தருளல் வேண்டுமென அவர் முன்னரே வேண்டிக்கொண்டார். இறைவர் இசைந்தருளி, மகிழின்கீழேயே சபதம் கேட்கும்படி சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்தினார். பின்னர்த் திருவாரூரை நினைந்து ஒற்றியூரெல்லையைக் கடந்தபோது நாயனாரது கண்ணொளி மறைந்தது. அவர் செல்ல விரும்பியது தியாகேசரைத் தரிசிக்கவன்றோ! தம்பிரான்தோழர்க்கே, நோக்கத்தின் தூய்மை சொல்லின் கட்டை அவிழ்த்திலது. உடன்படிக்கையிற் சந்து தேடும் நம்மனோர் இதனைச் சிந்திப்பாராக.

"ஆறுமுகநாவலர், பேர்சிவற் பாதிரியாரிடம் உத்தியோகத்திலிருந்துகொண்டே சைவப் பணியைத் தொடங்கினாரன்றோ?" என வினவுவார் உளராயின், விடை கூறுவாம். 1847 ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவர் தொடங்கிய பிரசங்கம் ஊரறிய நிகழ்ந்தது. கூலி கருதிய கொந்தராத்தன்று. 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வாண்டிலேயே உத்தியோகத்தையும் துறந்தார். இரு சம்பளத்துக்காக இரு முகங் கொண்டவரல்லர் அவர். ஒளித்துச் செய்வார் அவரைச் சான்று காட்டுதல் பொருந்தாது.

அங்ஙனமாயின், வறுமையால் நெருக்குண்டவன் செய்யத்தக்கது யாது? கேட்டலே. கட்டினவர் அவிழ்க்கலாம். "இன்ன வேலை வந்துள்ளது, என்னை முன்னரே விடுவிப்பீரா? இரவில் அதனைத் தொடங்க இசைவீரா?" என வேலைகொள்வோரிடம் வினவி, இசைவை எழுத்திற் பெறுக. உடன்படிக்கை இடந்தருமாயின், எஞ்சிய காலத்துச் சம்பளத்தைக் கட்டி வெளியேறுக. அன்றேல், புதிய இடத்தாரிடம் நாட்பொறுக்கும்படி சொல்லுக. சொன்ன சொல்லைக் காத்தற்காகப் பொறுக்கச் சொல்பவனை நல்லோர் விரும்பியே ஏற்பர். வேலைகொள்வோரே சம்பளங் கொடாது உடன்படிக்கையை முறித்திருப்பின், அது வேறு வழக்கு. அப்போதும் தொழிற்றிணைக்களத்தில் வெளிப்படையாக முறையிடுதலே நெறி, ஒளித்தல் நெறியன்று. சொல்லக் கூசும் செயல் எதுவோ, அதனைச் செய்யாதுவிடுதலே இவ்விடத்துச் சுருக்கமான விதியாம்.

ஞானம் கைவந்த சீவன்முத்தர்க்கும் பிராரத்தம், பெருங்காயமிருந்த பாண்டத்து வாசனைபோலச் சிறிது நிற்குமென்பதும், அவர் அதனை அமைதியோடு நுகர்ந்து கழிப்பதன்றிப் புதிதாக ஆகாமியம் ஈட்டார் என்பதும் நம் சித்தாந்தம் கற்றார் அறிந்தவை. விட்டுச்செல்லத் துணிந்த ஊழியனும் எஞ்சியதை இங்ஙனமே கழிக்கக் கடவன்.

உபாத்தியாயர்களே, இதனை மாணாக்கர்க்கு வாயாற் கற்பித்தல் அரிதன்று. ஒரு வித்தியாசாலையை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும் நாளிலும் வரவுப் பதிவேட்டைச் செம்மையாக எழுதி, திருத்தவேண்டிய கொப்பிகளைத் திருத்தி, பாடம் எவ்வளவிற் சென்றதென்பதைப் பின்வருவார்க்குக் குறித்துவைத்துச் செல்லும் ஆசிரியரை மாணாக்கர் கண்டிருப்பாராயின், பின்னாளிற் கந்தோரிற் கடைசித் திங்கள் வரும்பொழுது அவர்க்கு வேறொருவர் விதி சொல்லவேண்டுவதில்லை. திருவருள் முன்னிற்க.