எடை இல்லாத கால்கள்

கணினியில் உருவங்களை அசைக்கக் கற்பவரின் முதல் நடை பெரும்பாலும் தரையில் ஊன்றுவதில்லை, மிதக்கிறது. உடனே பாதம் பதியும் இடத்தையே திரும்பத் திரும்பத் திருத்துவார். கோளாறு அங்கே இல்லை, இடுப்பில் இருக்கிறது. ஒரு கால் தரையை விடுமுன்பே உடலின் பாரம் மறுகாலுக்கு மாறியிருக்க வேண்டும். இரண்டு முக்கிய நிலைகளைக் கொடுத்தால் இடைப்பட்டதைக் கணினி தானே நிரப்பிவிடும்; எது முந்தும், எது பிந்தும் என்பது அதற்குத் தெரியாது. எளாவூர்ப் பக்கம் பழவேற்காடு ஏரியில் கழி ஊன்றிப் படகு தள்ளுபவரைப் பாருங்கள். கழி சேற்றில் இறங்கிப் பிடிக்கிறது, தோள் சாய்கிறது, பின்காலின் விரல்கள் பலகையை அழுத்துகின்றன. அதன் பிறகே படகு நகர்கிறது. தலையும் கையும் படகும் ஒரே கணத்தில் கிளம்பினால் அவர் பொம்மையாகிவிடுவார்.

நடிகரின் அசைவையே பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் இருக்க, இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். 2014இல் வந்த ‘கோச்சடையான்’ படம் அந்த நுட்பத்தில் உருவானதுதான். ஆனாலும் அசைவில் விறைப்பு தெரிவதாக விமர்சகர்கள் எழுதினார்கள். உருவத்தின் உடல்வாகு நடிகருடையதிலிருந்து மாறும்போது பாதம் வழுக்கும், கை இடுப்புக்குள் புகும். அதைத் திருத்தப் பழகிய கண்தான் வேண்டும். அந்தக் கண்ணைப் பழக்க உதவுபவை, டிஸ்னியின் அசைவூட்டக் கலைஞர்கள் ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் நூலாக்கிய 12 அசைவூட்ட விதிகள்; அவை காகிதத்தில் பிறந்தவை. 1987இல் ஜான் லாசெட்டர் அவற்றைக் கணினிக்குப் பொருத்திக் காட்டினார். ஆகவே மாணவர் ஒளியையும் தோலையும் தொடுமுன், இடுப்பை மட்டும் தனியே ஓடவிட்டுப் பார்க்கட்டும். அது பாரத்தோடு ஏறி இறங்கினால் கால்களை அப்புறம் சேர்க்கலாம்.