சிறை ஒன்று, விடை இரண்டு

1994 அக்டோபரில் ஒரு நாள், கெய்ரோவில் வீட்டு வாசலில் நின்ற நண்பரின் காரில் ஏறி அமர்ந்தார் எகிப்திய எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸ். வயது 82. கண்ணும் காதும் மங்கியிருந்தன. நெருங்கி வந்த இளைஞனை வாசகன் என்றே நினைத்தார். அவனோ அவர் கழுத்தில் கத்தியை இறக்கினான். 1959இல் தொடராக வந்த அவருடைய நாவல் ஒன்று மதத்தைப் பழிக்கிறது என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த நாவலை அவன் படித்ததே இல்லை.

அதிகம் அறியப்படாத எழுத்தாளராக மஹ்ஃபூஸ் இருந்த 1940களில், அவரை இனங்கண்டு பாராட்டிய முதல் விமர்சகர்களுள் ஒருவர் சையித் குதுப். பின்னாளில் ஆயுதக் குழுக்கள் கையிலெடுத்த சிந்தனைக்கு வித்திட்டவரும் அவரே. நெஞ்சை உறுத்தும் முரண் இது.

கவிதையும் விமர்சனமும் எழுதிய மனிதரை அங்கே கொண்டுசேர்த்தது எது? 1954இல் எகிப்தின் தலைவர் நாசரைக் கொல்ல நடந்த முயற்சியை அடுத்து, முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பினர் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். அந்த அமைப்பில் இருந்த குதுப்பும் போனார், வதைபட்டார். 1957இல் தூரா சிறையில் அவருடைய தோழர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அடித்தவனும் கலிமா எனும் இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியைச் சொன்னவன், அடிபட்டவனும் கலிமா சொன்னவன். அடிப்பவன் எப்படி முஸ்லிமாக இருக்க முடியும் என்ற கேள்வி அந்தச் சுவர்களுக்குள் எழுந்ததில் வியப்பில்லை. 1964இல் வந்த 'மைல்கற்கள்' நூலில், முஸ்லிம் நாடுகள் உட்பட இன்றைய சமூகங்கள் எல்லாமே ஜாஹிலிய்யா எனும் அறியாமைக் காலத்தில் கிடக்கின்றன என்று எழுதினார் குதுப். 1966இல் அரசு அவரைத் தூக்கிலிட்டது. அந்தக் கயிறு நூலுக்கு ஒரு தியாகியின் முத்திரையைப் பதித்துக் கொடுத்தது.

அப்படியானால் பழி முழுவதும் வதைத்த அரசுக்குத்தானே? பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அரசின் குற்றம் பெரிது. அதைக் குறைத்துச் சொல்வது வதைபட்டவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அதே சகோதரத்துவ அமைப்பின் தலைவர் ஹசன் அல் ஹுதைபியும் அதே அரசின் சிறையில் கிடந்தவர்தான். அவர் பெயரில் வெளிவந்த நூலின் தலைப்பே 'அழைப்பாளர்கள், நீதிபதிகள் அல்லர்' என்பது. கலிமா சொன்னவனை மார்க்கத்தைவிட்டு வெளியேற்றும் அதிகாரம் மனிதனுக்கு இல்லை என்று அது வாதிட்டது. ஒரே வேதனையிலிருந்து இரண்டு விடைகள் வந்திருக்கின்றன. வேதனை மட்டுமே ஒருவர் கையைப் பிடித்து எழுதவைத்தது என்று இனிச் சொல்ல முடியாது. அங்கே ஒரு தேர்வு நடந்திருக்கிறது. தேர்ந்தவருக்குப் பொறுப்பும் உண்டு.

அடுத்தவன் உள்ளத்துக்குத் தீர்ப்பெழுதும் இந்தப் பழக்கம் குதுப்போடு தொடங்கியதும் இல்லை. கி.பி. 661இல் கூஃபாவில் கலீஃபா அலீயை வெட்டியவன், காரிஜி எனும் பிரிந்துபோன பிரிவைச் சேர்ந்தவன்; தான் இறைவனுக்கே பணிசெய்வதாக நம்பினான். அன்று முதல் மார்க்க அறிஞர்களான உலமாக்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் கண்டித்தே வந்திருக்கிறார்கள்.

குதுப் யாரையும் பெயர் சொல்லிக் கொல்லச் சொல்லவில்லை என்பது அவர் தரப்பு வாதம். உண்மையாகவே இருக்கட்டும். ஒரு சமூகத்தையே மார்க்கத்துக்கு வெளியே நிறுத்திய பிறகு, பெயர்களை நிரப்ப யாராவது வருவார்கள் என்பது அவ்வளவு கூர்மையான விமர்சகருக்குத் தெரியாமல் போகுமா? 1981இல் கொல்லப்பட்ட எகிப்து அதிபர் சதாத்தின் பெயரை நிரப்பினார்கள். பிறகு மஹ்ஃபூஸின் பெயரை.

மஹ்ஃபூஸ் பிழைத்தார். நரம்பு சேதமடைந்து வலக்கை செயலிழந்தது. நோபல் பரிசைப் பெற்றுத்தந்த எழுத்துகளை எழுதிய அந்தக் கை, பள்ளிப் பிள்ளையைப் போல மறுபடி எழுதப் பழகியது. நாளொன்றுக்குச் சில நிமிடங்களுக்கு மேல் அது தாங்கவில்லை.